அமெரிக்க மத்திய அரசில் நிர்வாகச் சட்ட நீதிபதி வேலை: விண்ணப்பம் முதல் இடமாற்றம் வரை

அமெரிக்காவில் வக்கீலாக இருக்கும் நம்மவர்கள் பலர் நாற்பதைத் தாண்டியதும் இந்த வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். நிலையான சம்பளம், ஓய்வூதியம், கட்சிக்காரரைத் தேடி அலைய வேண்டாம், வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு எழுதும் பொறுப்பு. எல்லாம் உண்மைதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பாதிக்கு மேல் பழசு, மீதி இடமாற்றத்தைப் பற்றி வாயே திறக்காது. இதில் தட்டுத்தடுமாறி வந்தவன் என்ற முறையில், முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியவற்றை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். அரசுத் துறைகளுக்குள்ளேயே வழக்குக் கேட்கும் இந்த நிர்வாகச் சட்ட நீதிபதியை எல்லோரும் ஏ.எல்.ஜே. என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆளெடுப்பையும் இடமாற்றத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. எல்லோரும் விரும்பும் ஊரில் ஓர் இடம் காலியானால், அங்கே வரக் காத்திருக்கும் பழைய நீதிபதிகளைத்தான் முதலில் கேட்பார்கள். அவர்களில் ஒருவர் கிளம்பி வந்த பிறகு காலியாகும் ஊர்தான் புதியவர் கைக்கு வரும். கீழே நான் சொல்வதில் முக்கால்வாசி இதிலிருந்து வருவதுதான்.

1. எந்த வேலை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மத்திய அரசின் ஏ.எல்.ஜே.க்களில் மிகப் பெரும்பாலானோர் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தில் இருக்கிறார்கள். நாடு முழுக்க 160-ஐ ஒட்டிய விசாரணை அலுவலகங்கள். உடல்நிலை காரணமாக வேலை செய்ய முடியவில்லை என்று உதவித்தொகை கேட்டு, மறுக்கப்பட்டு, மேல்முறையீடு செய்தவர்களின் வழக்குகள்தான் அங்கே வரும். மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மேல்முறையீடுகளைக் கேட்பவர்கள் சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறார்கள். தொழிலாளர் துறையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் இழப்பீடு போன்ற வழக்குகள். தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் போன்றவற்றில் சிறு சிறு எண்ணிக்கையில் இருக்கிறார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம்: குடிவரவு நீதிபதிகள் ஏ.எல்.ஜே.க்கள் அல்ல. அவர்கள் நீதித்துறை அமைச்சின் வழக்கறிஞர் பதவிகளில் நியமிக்கப்படுபவர்கள். சம்பள அட்டவணை, வேலைப் பாதுகாப்பு, இடமாற்றம் எல்லாமே வேறு. அரசு ஊழியர்களின் புகார்களைக் கேட்கும் சில அமைப்புகளில் ‘நிர்வாக நீதிபதி’ என்று ஒரு பதவி இருக்கிறது, அதுவும் வேறு. மாநில அரசுகளின் ஏ.எல்.ஜே.க்கள் அந்தந்த மாநிலத்தின் ஊழியர்கள், அங்கிருந்து மத்திய அரசுக்கு ‘மாற்றல்’ என்று ஒன்று கிடையாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பில் சம்பளம் ‘ஏ.எல்.-3’ என்று போட்டிருந்தால் நீங்கள் சரியான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

2. தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

2018 ஜூலை 10 அன்று வந்த ஜனாதிபதி ஆணை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அதற்கு முன் மத்தியப் பணியாளர் அலுவலகம் ஒரு தேர்வு நடத்தும், மதிப்பெண் பட்டியல் போடும், அதிலிருந்துதான் துறைகள் ஆளெடுக்க வேண்டும். இப்போது அந்தத் தேர்வும் இல்லை, பட்டியலும் இல்லை. ஒவ்வொரு துறையும் தானே அறிவித்து, தானே தேர்ந்தெடுத்து, துறைத் தலைவர் நியமிக்கிறார். அதனால் தேர்வுக்குத் தயாராவது எப்படி, மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி என்று எழுதியிருக்கும் பக்கங்களை மூடிவிடுங்கள்.

ஆணைப்படி குறைந்தபட்சத் தகுதி வக்கீல் உரிமம் மட்டுமே: ஏதாவது ஒரு மாநிலம், வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, அல்லது அமெரிக்க ஆட்சிப்பகுதி. தமிழ்நாடு பார் கவுன்சில் பதிவு இதற்குக் கணக்கில் வராது. ஊரில் சட்டம் படித்துவிட்டு வந்தவர்களுக்கு நியூயார்க் வழி நன்றாகப் பழகிய வழி. படிப்பின் கால அளவில் குறை இருந்தால் அங்கே எல்.எல்.எம். (சட்டத்தில் முதுகலை) படித்து ஈடுகட்டலாம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அங்கே தேர்வுக் கட்டணம் 750 டாலர், உள்ளூரில் படித்தவர்களுக்கு 250. உரிமம் வந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 375 டாலர் பதிவுக் கட்டணம் உண்டு.

உரிமம் போதும் என்றாலும், அறிவிப்பில் துறை தன் விருப்பப்படி கூடுதல் நிபந்தனை வைக்கலாம். பழைய தேர்வு முறையில் வழக்கு நடத்திய அனுபவமோ நிர்வாகச் சட்ட அனுபவமோ 7 ஆண்டு கேட்டார்கள். இன்றும் விசாரணை அனுபவம் இல்லாதவர் போட்டியில் நிற்பது கஷ்டம். கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தருவதையே தொழிலாக வைத்திருப்பவர், சாட்சியை விசாரித்த அனுபவத்தை எங்கிருந்தாவது தேடிக்கொள்ள வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி விசாரணை அலுவலகங்களிலேயே தீர்ப்பு வரைவு எழுதும் வழக்கறிஞர்களாகச் சேர்ந்து உள்ளிருந்தே மேலே வந்தவர்கள் நிறைய. மாநில அரசுகளில் விசாரணை அதிகாரியாகச் சில ஆண்டு இருந்துவிட்டு வருவது இன்னொரு வழி. கலிபோர்னியா, நியூயார்க், மேரிலாந்து, டெக்சாஸ் எல்லாம் இதற்கென்று ஆட்களை வைத்திருக்கின்றன.

குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு போதாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது, அது இந்தியக் குடியுரிமை அல்ல.

ஆண்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது, நம்மவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 1959 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்த ஆண்கள் செலக்டிவ் சர்வீஸில் (கட்டாய ராணுவ சேவைக்கான பதிவு அமைப்பு) பதிவு செய்திருக்க வேண்டும், 18 முதல் 25 வயதுக்குள் அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருந்தவர்களும் சேர்த்துத்தான். 26 வயதாகும்வரை எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை) மாதிரி செல்லுபடியாகும் தற்காலிக விசாவிலேயே இருந்தவர்களுக்குத் தேவையில்லை. தேவையில்லாதவர் என்றால் அதைக் காட்ட ஒரு கடிதம் அந்த அமைப்பிடமே கேட்டு வாங்கலாம். பழைய விசா முத்திரை, ஐ-20 (மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) நகல்கள் அப்போது கேட்பார்கள், அதனால் பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். வேலைக்கான அழைப்பு வந்தபிறகு இதைத் தொடங்கினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

3. இப்போது ஆளெடுக்கிறார்களா

நேராகச் சொல்கிறேன்: இது நல்ல காலம் இல்லை. 2017 வாக்கில் சோஷியல் செக்யூரிட்டியில் நிலுவை வழக்குகள் 11 லட்சத்தைத் தாண்டின, அதைக் குறைக்க ஆண்டுக்கு ஆண்டு நீதிபதிகளை எடுத்தார்கள். பிறகு நிலுவை வெகுவாகக் குறைந்தது, ஆளெடுப்பும் சுருங்கியது. 2025 ஜனவரி 20 அன்று மத்திய அரசு முழுக்க ஆளெடுப்பு நிறுத்தம் வந்தது. அடுத்த மாதமே சோஷியல் செக்யூரிட்டி தன் ஊழியர் எண்ணிக்கையைச் சுமார் 57,000-லிருந்து 50,000 ஆகக் குறைப்பதாகவும், 10 மண்டலங்களை 4 ஆக்குவதாகவும் அறிவித்தது.

அதற்காக மனதை விட்டுவிட வேண்டாம். எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். மூன்று விஷயங்கள். ஒன்று, பட்ஜெட். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் அன்றைக்கு முழு பட்ஜெட் இருக்காது, தற்காலிக நிதியில்தான் துறைகள் ஓடும். அந்த நிலையில் யாரும் பெரிய அளவில் ஆளெடுக்க மாட்டார்கள். முழு ஒதுக்கீடு நிறைவேறிய பிறகுதான் அறிவிப்பை எதிர்பார்க்கலாம். இரண்டு, நிலுவை வழக்குகள். கேட்புக்கு (வழக்கு விசாரணைக்கு) காத்திருக்கும் நாட்கள் கூடினால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுடைய அலுவலகத்துக்குப் புகார் போகும், கொஞ்ச காலத்தில் ஆளெடுப்பு வரும். மூன்று, ஓய்வு. இந்த வேலைக்குப் பெரும்பாலும் நடுவயதில் வருகிறார்கள் என்பதால் ஓய்வு பெறுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், அந்த இடங்களை என்றைக்காவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.

சிறிய துறைகளில் ஒன்றிரண்டு இடம் திடீரென்று வரும். அங்கே அந்தத் துறையின் சட்டத்திலேயே ஊறியவரைத்தான் எடுப்பார்கள். தொழிலாளர் சட்டம் தெரியாதவர் தொழிலாளர் வாரியத்துக்கு விண்ணப்பித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வேலைப் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி ஒரு ஏ.எல்.ஜே.யைத் தகுந்த காரணம் இருப்பதாக, தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியம் (எம்.எஸ்.பி.பி.) விசாரித்து முடிவு செய்த பிறகே நீக்க முடியும். ஆனால் இந்தப் பல அடுக்குப் பாதுகாப்பு அரசியல் சாசனத்துக்கு ஒத்துவராது என்ற நிலைப்பாட்டை நீதித்துறை அமைச்சு 2025 பிப்ரவரியில் எடுத்தது. நன்றாக ஓடும் அலுவலகத்தை மூடிவிட்டு வரப்போகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

4. அறிவிப்பு வரும் முன்பே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

அறிவிப்பு மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான யுஎஸ்ஏஜாப்ஸில் வரும். திறந்திருப்பது சில நாட்கள்தான். சில அறிவிப்புகளில் இத்தனை விண்ணப்பம் வந்ததும் மூடப்படும் என்றே போட்டிருப்பார்கள். அதனால் அறிவிப்பைப் பார்த்தபிறகு காகிதம் தேடுவது வேலைக்கு ஆகாது. தளத்தில் கணக்குத் தொடங்கி, ‘நிர்வாகச் சட்ட நீதிபதி’ பதவிக்கான 0935 என்ற தொடர் எண்ணைக் கொடுத்துத் தேடலைச் சேமித்து வையுங்கள், மின்னஞ்சல் தானாக வரும். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்டு யார் வந்தாலும் ஏமாற்று வேலைதான்.

கையில் இருக்க வேண்டியவை: எல்லா மாநில உரிமங்களுக்கும் பதிவு எண், பதிவான தேதி, தற்போதைய நிலை; நன்னிலைச் சான்றிதழ் (உரிமத்தில் குறை எதுவும் இல்லை என்ற சான்று), இதைப் புதிதாக வாங்குங்கள், போன வருடத்தது செல்லாமல் போகலாம்; குடியுரிமைச் சான்றிதழ்; சட்டப் படிப்பு மதிப்பெண் பட்டியல்; ஏற்கெனவே மத்திய அரசு ஊழியர் என்றால் எஸ்.எஃப்.-50 (பணி விவரப் படிவம்), ராணுவத்தில் இருந்தவர் என்றால் டிடி-214 (ராணுவத்திலிருந்து விடுவித்த சான்று). ‘செயலற்ற’ நிலையில் வைத்திருக்கும் உரிமத்தை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். அறிவிப்பில் என்ன நிலை கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, தேவையானால் பணம் கட்டி முழு நிலைக்கு முன்கூட்டியே மாற்றுங்கள்.

இப்போது பெயர். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பட்டச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திகேயன்’. பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகேயன் சுப்பிரமணியன்’. முதல் வேலையில் சேர்ந்தபோது கணினி பெயரைத் திருப்பிப் போட்டதால் பழைய வரிப் படிவங்களில் ‘சுப்பிரமணியன் கே.’. குடியுரிமை வாங்கும்போது சுருக்கி ‘கார்த்திக் மணியன்’. நான்கும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், பின்னணியைச் சோதிப்பவருக்குத் தெரியாது. குடியுரிமைச் சான்றிதழில் இருக்கும் பெயரை மூலப் பெயராக வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு வடிவத்தையும் எந்தக் காலத்தில் எந்த ஆவணத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். படிவங்களில் ‘பயன்படுத்திய பிற பெயர்கள்’ என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் போடுங்கள், இனிஷியல் முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் சேர்த்து. திருமணத்துக்குப் பிறகு தந்தை பெயரின் இடத்தில் கணவர் பெயர் வந்த பெண்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளும். வக்கீல் உரிமத்தில் பெயர் வேறாக இருந்தால் அதை மட்டும் முதலில் திருத்துங்கள், மற்றவற்றை விளக்கிக்கொள்ளலாம்.

5. ரெஸ்யூமேயும் விண்ணப்பமும்

அரசு வேலைக்கு எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் எழுத வேண்டும் என்று பழைய ஆலோசனை சொல்லும். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து யுஎஸ்ஏஜாப்ஸில் இரண்டு பக்கம்தான். ஆகவே ஒவ்வொரு வரியும் கேட்ட தகுதிக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை விசாரணை, எந்த மன்றம், சாட்சி உண்டா இல்லையா, தீர்ப்போ உத்தரவோ எழுதியது உண்டா. வேலை தொடங்கிய, முடிந்த மாதமும் ஆண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பெற்ற விருதுகள், பேசிய கூட்டங்கள் எல்லாம் இடத்தை அடைக்கும், வெட்டிவிடுங்கள்.

நேரம்: அறிவிப்பு மூடுவது இரவு 11:59, கிழக்குக் கடற்கரை நேரப்படி. கலிபோர்னியாவில் இருப்பவருக்கு அது இரவு 8:59. கடைசி இரவு தளம் மெதுவாகும், கோப்பு ஏறாமல் நிற்கும். ஏற்றிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துவிட்டு, விண்ணப்பம் ‘பெறப்பட்டது’ என்று காட்டும் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

6. ஊர்ப் பட்டியல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

எந்த ஊர்களுக்குப் போகத் தயார் என்று கேட்பார்கள். நிறைய ஊர் குறித்தால் வாய்ப்புக் கூடும் என்பது உண்மை, அதனால் பலர் எல்லாவற்றையும் குறித்துவிட்டு, ‘எங்கே கொடுத்தாலும் முதலில் உள்ளே போய்விடுவோம், ஒரு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம்’ என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்காது. சான் டியாகோவுக்கும் சியாட்டிலுக்கும் டாம்பாவுக்கும் வரக் காத்திருக்கும் பழைய நீதிபதிகள் எப்போதும் இருப்பார்கள். கென்டக்கியின் மிடில்ஸ்பரோ, மிசிசிப்பியின் டூப்பலோ, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ, மேற்கு வர்ஜீனியாவின் ஹன்டிங்டன் போன்ற இடங்களில் புதியவருக்கு வாய்ப்பு அதிகம். அவை மோசமான ஊர்கள் என்று சொல்லவில்லை, அங்கே போய் மனநிறைவோடு இருப்பவர்கள் உண்டு. ஆனால் எடிசனிலோ ஃப்ரீமான்டிலோ வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, மனைவிக்கோ கணவனுக்கோ ஐ.டி. வேலை என்று வேர் விட்டவர், அதை எல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் அந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும்.

நான் சொல்லும் முறை இது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கேள்வி: மாற்றல் கிடைக்கவே கிடைக்காவிட்டாலும் இங்கே ஐந்து வருடம் இருப்பேனா? ஆம் என்றால் குறியுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். குறித்த ஊரிலிருந்து அழைப்பு வந்து மறுத்தால் அந்தச் சுற்றில் உங்கள் பெயர் போய்விடக்கூடும், அடுத்த சுற்று எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தொலைபேசியிலும் வீடியோவிலும் கேட்பு நடப்பது பழகிப்போனதுதான், ஆனால் நீதிபதி எங்கிருந்து வேலை செய்யலாம் என்ற விதி நிர்வாகம் மாறும்போதெல்லாம் மாறுகிறது. 2025-ல் எல்லோரையும் அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னதைப் பார்த்தோமே.

7. நேர்காணலும் காத்திருப்பும்

சோஷியல் செக்யூரிட்டி நேர்காணலில் அவர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: இந்த ஆள் வேலைப்பளுவைத் தாங்குவாரா. 2007-ல் நீதிபதிகளுக்கு ஆண்டுக்கு 500 முதல் 700 வழக்கு முடிக்கும்படி சொன்னார்கள், அந்த எண் அப்போதிலிருந்து எல்லோர் மனதிலும் நிற்கிறது. ஒரு கோப்பில் மருத்துவப் பதிவுகள் மட்டுமே ஆயிரம் பக்கத்தைத் தாண்டுவது சாதாரணம். எதிர்த்தரப்பு வக்கீல் என்று யாரும் வர மாட்டார்கள். மனுதாரர், அவருடைய பிரதிநிதி, தொழில் நிபுணர் (மனுதாரரால் என்ன வேலை செய்ய முடியும் என்று சொல்பவர்), சில சமயம் மருத்துவ நிபுணர், நீங்கள். உண்மையை வெளிக்கொண்டுவரும் பொறுப்பு உங்களுடையது. எதிர்த்து வாதாடியே பழகியவர் எப்படிக் கேள்வி கேட்பார், வலியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவார் என்று துருவிக் கேட்பார்கள். உங்கள் அனுபவத்திலிருந்து குறிப்பான சம்பவங்களைத் தயார் செய்து வையுங்கள். நேரில் வரச் சொன்னால் பயணச் செலவு தருவார்களா என்று முன்பே கேளுங்கள், எல்லாத் துறையும் தருவதில்லை.

அப்புறம் பின்னணிச் சோதனை. கடந்த 7 ஆண்டுகளின் முகவரிகள், வேலைகள், அங்கே உங்களைத் தெரிந்த ஆட்கள், கைரேகை, வரி பாக்கி இருக்கிறதா என்பது எல்லாம் உண்டு. இந்தியாவில் சில மாதம் தங்கியிருந்தால் அந்த முகவரியும் வேண்டும். அங்கே உங்களைத் தெரிந்தவர் என்று வயதான பெரியப்பாவைப் போட்டுவிட்டு அவர் போனை எடுக்கவில்லை என்றால் கோப்பு அங்கேயே நிற்கும்; அமெரிக்காவில் இருக்கும் யாராவது அந்த நாட்களில் நீங்கள் ஊரில் இருந்ததை அறிந்தவர் என்றால் அவரைப் போடுங்கள்.

விண்ணப்பத்திலிருந்து வேலையில் சேருவதுவரை மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை. எழுத்தில் இறுதி நியமனக் கடிதமும் சேரும் தேதியும் வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், வீட்டை விற்காதீர்கள். முதலில் வரும் நிபந்தனைக் கடிதம் இறுதிக் கடிதம் அல்ல. 2025-ன் ஆளெடுப்பு நிறுத்தத்தின்போது மத்திய அரசில் கடிதம் கையில் வைத்திருந்தவர்கள் பலரின் வேலையே திரும்பப் பெறப்பட்டது.

8. பணக் கணக்கு

ஏ.எல்.-3 சம்பளத்தில் ஏ முதல் எஃப் வரை ஆறு படிகள். பொதுவாக ஏ-யில் தொடங்குவீர்கள். பி, சி, டி ஒவ்வொன்றுக்கும் 52 வாரம், ஈ, எஃப் ஒவ்வொன்றுக்கும் 104 வாரம். ஆக உச்சிக்குப் போக ஏறக்குறைய 7 ஆண்டு. ஏ.எல்.ஜே.க்களுக்கு வருடாந்திரத் தரமதிப்பீடு சட்டப்படியே கிடையாது என்பதால் மேலதிகாரியின் மதிப்பெண்ணால் இந்தப் படி முன்னே பின்னே போகாது. அடிப்படைச் சம்பளத்தின் மேல் ஊர்ப்படி, அதாவது ஊருக்கு ஊர் மாறும் கூடுதல் தொகை: 2025-ல் தனி வட்டாரம் இல்லாத ஊர்களுக்கு 17.06 சதவீதம், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு 46.34. ஆனால் மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதனால் மேல்படியில் இருப்பவர் செலவு கூடிய ஊருக்குப் போனால் முழு வித்தியாசமும் கைக்கு வராது.

ஓய்வூதியத்துக்கு இப்போது சேர்பவரின் சம்பளத்தில் 4.4 சதவீதம் பிடிப்பார்கள், உரிமை கிடைக்க 5 ஆண்டு. அரசு மருத்துவக் காப்பீட்டை ஓய்வுக்குப் பிறகும் வைத்திருக்க வேண்டுமானால் ஓய்வுக்கு முந்தைய 5 ஆண்டும் அதில் இருந்திருக்க வேண்டும். 58 வயதில் சேர யோசிப்பவர் இந்த இரண்டு ஐந்தையும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

புதிதாகச் சேரும் ஊருக்குக் குடிபெயரும் செலவைத் தருவார்களா என்பது அறிவிப்பிலேயே இருக்கும், பெரும்பாலும் இல்லை என்றுதான் இருக்கும். புதிய காப்பீடு சம்பளக் காலத்தோடு சேர்ந்துதான் தொடங்கும் என்பதால் நடுவில் சில வாரம் பழைய காப்பீட்டை நீட்டிக்கவும் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களுக்கு மிக முக்கியமான எச்சரிக்கை. சேர்ந்த பிறகு வக்கீல் தொழில் செய்ய முடியாது. நிலுவையில் இருக்கும் சோஷியல் செக்யூரிட்டி வழக்குகளின் கட்டணம், மனுதாரருக்குக் கிடைக்கும் பாக்கித் தொகையில் 25 சதவீதம் அல்லது உச்சவரம்பு (2025-ல் 9,200 டாலர்), எது குறைவோ அது, வழக்கு முடிந்த பிறகுதான் வரும். அரசு ஊழியர் ஆனபின் அரசுக்கு எதிரான வழக்கில் மற்றவர் செய்யும் வேலைக்கான கட்டணத்தில் பங்கு வாங்குவது குற்றவியல் சட்டத்துக்குள் வரும் விஷயம். கூட்டாளியோடு எழுத்தில் கணக்கை முடித்து, துறையின் நன்னெறி அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுச் சேருங்கள்.

சேர்ந்த 30 நாளுக்குள் சொத்து விவரப் படிவம் கொடுக்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும் மே 15-க்குள். இது பொதுமக்கள் கேட்டுப் பார்க்கக்கூடிய படிவம். 1,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள முதலீடுகளும், 200 டாலருக்கு மேல் வருமானம் தருபவையும் வர வேண்டும். வாடகைக்கு விட்டிருக்கும் சென்னை ஃபிளாட், முதலீடாக வாங்கிப் போட்ட மனை, இந்திய மியூச்சுவல் ஃபண்ட், 5,000 டாலரைத் தாண்டும் என்.ஆர்.ஈ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வைப்பு எல்லாம் இதில் அடங்கும். அப்பா பெயரில் இருக்கும் நிலத்தில் பாகம் பிரிக்காமல் உங்களுக்குப் பங்கு இருந்தால் அதை எப்படிக் காட்டுவது என்று நன்னெறி அதிகாரியிடம் முதலிலேயே கேளுங்கள். பட்டா, பத்திர நகல்களை ஊரிலிருந்து வாங்க நேரம் பிடிக்கும்.

9. இடமாற்றம்

சோஷியல் செக்யூரிட்டிக்குள் மாற்றல் நிர்வாகத்துக்கும் நீதிபதிகளின் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி நடக்கிறது. விரும்பும் அலுவலகத்தின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கிறீர்கள், அங்கே ஆள் தேவை என்று நிர்வாகம் முடிவு செய்யும்போது பட்டியலைப் பார்க்கிறார்கள். சேர்ந்து எவ்வளவு காலம் கழித்துப் பெயர் கொடுக்கலாம், எத்தனை அலுவலகம் குறிக்கலாம், வந்ததை மறுத்தால் என்ன ஆகும் என்பதை எல்லாம் நடப்பு ஒப்பந்தத்தில் நீங்களே படியுங்கள். பக்கத்து அறை நீதிபதி சொல்வது அவர் சேர்ந்த காலத்து விதியாக இருக்கலாம். தகுதி வந்த முதல் நாளே பெயர் கொடுங்கள்.

ஓர் ஊரில் ஒருவர் ஓய்வு பெற்றார் என்பதாலேயே அங்கே இடம் காலி என்று அர்த்தம் இல்லை. அந்த வட்டாரத்தில் வழக்கு குறைந்திருந்தால் இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். ஆகவே நீங்கள் விரும்பும் அலுவலகத்தின் நிலுவையையும் காத்திருப்பு நாட்களையும் கவனியுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகவாரியாக அவற்றை வெளியிடுகிறது. ஆளெடுப்பு நின்றுபோனால் மாற்றலும் சேர்ந்து நின்றுபோகும், ஏனென்றால் நீங்கள் விட்டுப்போகும் இடத்துக்கு ஆள் வராமல் உங்களை விட மாட்டார்கள். சிறிய அலுவலகத்தில் மூன்று நான்கு பேரில் ஒருவராக இருப்பவருக்கு இது இன்னும் இறுக்கம். பெரிய ஊருக்கு நேராக முயல்வதைவிட, அதிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் அலுவலகத்துக்கு முதலில் மாறுவது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

வேறு துறைக்குப் போவது தனி. அந்தத் துறை அறிவிக்க வேண்டும், நீங்கள் மற்றவர்களோடு போட்டியிட வேண்டும். ஏற்கெனவே ஏ.எல்.ஜே. என்பது பெரிய பலம், ஆனால் அதுவே போதாது; மெடிகேர் மேல்முறையீடு, தொழிலாளர் துறை இரண்டும் சோஷியல் செக்யூரிட்டி அனுபவத்துக்கு நெருக்கமானவை. நீதிபதி பற்றாக்குறை உள்ள துறைக்குத் தற்காலிகமாக இரவல் போகச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி வாய்ப்பு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் துறையின் சட்டம் கைக்கு வரும்.

செலவு: நீங்களாகக் கேட்டு வாங்கும் மாற்றலுக்கு அரசு ஒரு காசு தராது. அரசின் தேவைக்காக மாற்றினால்தான் குடிபெயர்ப்புச் செலவு உண்டு, அதுவும் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி போகும். உத்தரவில் எந்த வகை மாற்றல் என்று போட்டிருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன் பாருங்கள். ஏ முதல் எஃப் வரையான உங்கள் படி உங்களோடு வரும், ஊர்ப்படி புதிய ஊருடையது. மாநில வருமான வரியையும் சேர்த்துப் பாருங்கள், டெக்சாஸ், புளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது.

தேதி முடிவானதும் புதிய கேட்புகளை உங்கள் பெயரில் போட வேண்டாம் என்று அலுவலகத் தலைமை நீதிபதியிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டு முடித்த வழக்குகளின் தீர்ப்புகள் கிளம்பும் முன் கையெழுத்தாகிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதிய அலுவலகத்தின் கோப்புகளோடு இவையும் உங்கள் தலையில் விழும், பாவம் அந்த மனுதாரர்கள் இன்னும் சில மாதம் காத்திருப்பார்கள். மருத்துவக் காப்பீடு ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் செல்லும் எச்.எம்.ஓ. திட்டமாக இருந்தால், ஊர் மாறுவதைக் காரணம் காட்டி ஆண்டு நடுவிலேயே திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்; அதற்கான படிவத்தை முகவரி மாற்றத்தோடு சேர்த்து அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.